பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே? வடசென்னைக்குப் புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

சென்னைக்குப் புதிதாக வந்தவர்களை ஏமாற்றும் ரயில் நிலையம் ஒன்று உண்டு. பீச் ஸ்டேஷன். பெயரை நம்பி இறங்கினால் மணல் இருக்காது, சுண்டல் இருக்காது. எதிரே ராஜாஜி சாலை, அதைத் தாண்டித் துறைமுகத்தின் மதில், வரிசையாகக் கண்டெய்னர் லாரிகள். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கண்ணில் படாது. கொஞ்சம் உள்ளே இருக்கும் தெருவை இன்றைக்கும் ‘செகண்ட் லைன் பீச்’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கேயும் பீச் கிடையாது. அந்த பீச் எங்கே போனது என்று விசாரிக்க ஆரம்பித்தாலே வடசென்னையின் பாதிக் கதை கைக்கு வந்துவிடும்.

முதலில் எல்லை. வடசென்னை என்று தனி மாவட்டம் எதுவும் இல்லை. நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. மாநகராட்சிக் கணக்கில் பார்த்தால் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்ற முதல் ஆறு மண்டலங்கள் ஏறக்குறைய வடசென்னைதான். இவற்றில் முதல் மூன்றும் 2011-இல் மாநகராட்சி விரிந்தபோது உள்ளே வந்தவை. ஜனங்களின் கணக்கு இன்னும் சுலபம்: கோட்டைக்கு வடக்கே, கடலோரமாக எண்ணூர் வரை, மேற்கே வியாசர்பாடி, கொடுங்கையூர், பெரம்பூர். பெரம்பூர்க்காரர்களில் சிலர் “நாங்க வடசென்னை இல்ல” என்பார்கள். அவர்களோடு வாதம் செய்யாதீர்கள், நேரம்தான் வீண்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன். அடையாறு, வேளச்சேரிப் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு எங்கள் ஊர் நகரத்தின் ஓரம். ஆனால் நகரம் தொடங்கியதே இந்தப் பக்கம்தான். தெற்கே போனது பிற்பாடு.

இடித்த ஊரும் எழுப்பிய மதிலும்

1639-இல் கிழக்கிந்திய கம்பெனிக்குக் கடலோரமாக ஒரு துண்டு மணல் திட்டு கிடைத்தது. அடுத்த ஆண்டே அதில் கோட்டை எழும்ப ஆரம்பித்தது. அதுதான் புனித ஜார்ஜ் கோட்டை. வெள்ளைக்காரர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள். அவர்களோடு வியாபாரம் செய்த துபாஷிகள் (மொழிபெயர்த்துத் தரகு பார்த்தவர்கள்), நெசவாளிகள், துணி வெளுப்பவர்கள், படகுக்காரர்கள் எல்லாரும் கோட்டைக்கு வடக்கே சுவரை ஒட்டிக் குடியேறினார்கள். கம்பெனி அதற்கு வைத்த பெயர் ‘கறுப்பர் நகரம்’.

அந்த ஊர் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில்தான் உயர் நீதிமன்றம் நிற்கிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்தார்கள். கோட்டைக்கு இவ்வளவு பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைவாக வந்துவிடுவான் என்ற பயம் கம்பெனியைப் பிடித்துக்கொண்டது. பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று ஊரை இடித்து மைதானமாக்கினார்கள். அந்த வெட்டவெளிக்குப் பெயர் எஸ்பிளனேடு. எஸ்பிளனேடு போலீஸ் ஸ்டேஷன் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே பெயர்தான். இதற்கு மேல் யாரும் வீடு கட்டக் கூடாது என்று நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

ஊரோடு சேர்த்துப் பழைய சென்னக்கேசவப் பெருமாள் கோயிலும் போனது. அதற்கு ஈடாக 1760-களில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியில் பூக்கடைப் பக்கம் புதுக் கோயில் எழும்பியது. சென்னக்கேசவரும் சென்ன மல்லீசுவரரும் அக்கம்பக்கத்தில் இருக்கும் இரட்டைக் கோயில். தேவராச முதலி தெருவில் காகிதக் கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இடம்பெயர்ந்த ஜனங்கள் மைதானத்துக்கு வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் போனார்கள். அதுவே புதிய கறுப்பர் நகரம். 1906-இல்தான் அதை ஜார்ஜ் டவுன் என்று மாற்றினார்கள். அந்தச் சமயம் வந்துபோன இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர், அவர் பெயரில்.

இந்தப் புது ஊரைச் சுற்றி 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு மதில் கட்டினார்கள். மதில் போய்விட்டது, ஆனால் அதன் தடம் நம் வாயில் தினமும் புழங்குகிறது. மதில் கட்டின செலவை ஊர்க்காரர்கள் தலையில் வரியாகக் கட்டத் திட்டம் போட்டார்கள். ‘வால்’ என்றால் மதில், ‘டாக்ஸ்’ என்றால் வரி. மதிலை ஒட்டிய பாதைதான் வால்டாக்ஸ் ரோடு. வரி கடைசிவரை வசூலாகவே இல்லை என்பது வேடிக்கை. கவுனி என்றால் கோட்டை வாசல். ஆக, யானைகவுனி அந்த மதிலின் ஒரு வாசல். கொத்தளம் என்றால் மதிலிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் பீரங்கி மேடை. மதிலின் மூலையில் இருந்த கொத்தளம் மூலக்கொத்தளம் ஆனது. மதிலின் ஒரு துண்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் மாடிப் பூங்காவுக்குப் போங்கள். பூங்கா ஏன் மாடியில் இருக்கிறது என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததே இல்லை. மதிலின் தலைமேல் செடி நட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பேர் சொல்லும் ஊர்கள்

இங்கே ஊர்ப்பெயர்களைக் கொஞ்சம் சுரண்டினால் சரித்திரம் உதிரும். வண்ணாரப்பேட்டை, கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்களின் பேட்டை. நெய்த துணியை வெளுத்துப் பதப்படுத்தாமல் கப்பலேற்ற முடியாது. அதற்கு நல்ல தண்ணீரும் காய வைக்க வெட்டவெளியும் வேண்டும். இரண்டும் இங்கே இருந்தன. தண்ணீர் என்றதும் ஏழுகிணற்றைச் சொல்ல வேண்டும். கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக 1772-இல் அமைத்த கிணறுகள் அவை. நகரத்தின் முதல் குடிநீர்த் திட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். வள்ளலார் இளமையில் குடியிருந்ததும் ஏழுகிணறு பகுதியில்தான்.

ராயபுரம் என்பதில் இருப்பவர் ராயர் இல்லை, ராயப்பர். புனித பேதுருவுக்குத் தமிழ்க் கிறித்தவர்கள் வைத்த பெயர் அது. படகுத் தொழில் செய்த கிறித்தவர்கள் கட்டிய ராயப்பர் கோயில் அங்கே இன்றும் இருக்கிறது.

காலடிப்பேட்டைக்கு யார் காலடியும் காரணமில்லை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு, காலெட் பேட்டை. நம் வாய்க்கு ஏற்றபடி அதைக் காலடி ஆக்கிவிட்டோம்.

தண்டையார்பேட்டைக்கு ஒரு அழகான கதை சொல்வார்கள். தொண்டியிலிருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு, ‘தொண்டியார்’ என்று அழைக்கப்பட்டவர், இங்கே தங்கியதால் அந்தப் பெயராம். அவருடைய தர்கா ராயபுரத்தில் இருக்கிறது, பாடல்கள் அருமையானவை. ஆனால் கணக்கு உதைக்கிறது. கம்பெனிக்கு 1693-இல் கிடைத்த மூன்று கிராமங்கள் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. மஸ்தான் சாகிபு பிறந்ததோ 1790-களில். அதனால் எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. தண்டையார்பேட்டையில் இதைச் சொல்லி வம்பு வாங்கியும் இருக்கிறேன்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1780-களின் பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரம் அது. பிறகு வைத்தியசாலை ஆனது, 1938-இல் மருத்துவக் கல்லூரியும் ஆனது. ஸ்டான்லி ஒரு ஆளுநரின் பெயர். கஞ்சியை ஊர் மறக்கவில்லை.

கடல் தின்ற கரை

இப்போது பீச்சுக்கு வரலாம். சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் போட்டு நின்றன. அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை அறைந்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். இந்தப் படகுக்காரர்கள் இல்லாமல் கம்பெனியின் வியாபாரமே நடந்திருக்காது.

1870-களில் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியதுபோலத் தடுப்புச் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881-இல் வேலை முடியும் நேரத்தில் ஒரு புயல் வந்து அடித்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். பிறகு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றினார்கள். துறைமுகம் நிலைத்தது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த பீச் அதன் மதிலுக்குள் போனது.

ஆனால் ஒன்று. நம் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் மணலைக் கரையோரமாகவே வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஓடுகிற வாய்க்காலில் குறுக்கே ஒரு செங்கல்லை வைத்துப் பாருங்கள். வருகிற பக்கம் மண் சேரும், போகிற பக்கம் பள்ளம் பறிக்கும். துறைமுகச் சுவர் அந்தச் செங்கல். வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கித் தேங்கி மெரினாவாக விரிந்தது. ஊரே காற்று வாங்கும் அந்த அகலமான மணல்வெளி இந்தச் சுவரின் உபயம்.

வடக்கே என்ன ஆயிற்று? அலை வழக்கம்போல மணலை அள்ளிக்கொண்டு போனது. ஈடுகட்டப் புது மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை தேய்ந்தது. மீனவர் குடியிருப்புகளில் வீட்டு வரிசைகள் கடலுக்குள் போயின. பிறகு கருங்கற்களைக் கொட்டித் தடுத்தார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள் வைத்தார்கள். பக்கத்தில் காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் வந்தது. எங்கள் தெருப் பாட்டிகள் “அந்தக் காலத்துல கடல் அங்க இருந்துச்சு” என்று கையை நீட்டும்போது அவர்கள் காட்டுவது கடலின் நடுவே எங்கோ ஒரு இடத்தை. சின்னப் பிள்ளைகளாக நாங்கள் சிரித்திருக்கிறோம்.

துறைமுகம் வந்ததால் இன்னொன்றும் வந்தது. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் கரைக்கு அருகே வந்து துறைமுகப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. ஊரே மிரண்டு போனது. கெட்டிக்காரனை, எமகாதகனை ‘சரியான எம்டன்’ என்று நாம் சொல்வது அன்று தொடங்கியது.

ரயில், மில், சங்கம்

துறைமுகத்துக்கு முன்பே ரயில் வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பம்பாய்க்கும் தானேவுக்கும் நடுவே அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஓடிவிட்டது என்றாலும், அங்கே தொடங்கிய நிலையக் கட்டடம் இப்போது இல்லை. ஆகவே துணைக்கண்டத்தில் இன்று நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் பழையது ராயபுரம்தான். சென்ட்ரல் வந்தது 1873-இல். ராயபுரத்துத் தூண்களைப் பார்க்க மின்சார ரயிலில் பீச்சிலிருந்து அடுத்த நிலையத்தில் இறங்கினால் போதும்.

ரயில் வந்தால் பட்டறை வரும், பட்டறை வந்தால் தொழிலாளி வருவார். பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1955-இல் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையும் வந்தது. வந்தே பாரத் பெட்டிகள் முதலில் உருவானது அங்கேதான். ரயிலோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள். 1870, 1880-களில் தொடங்கிய இந்த மில்களின் காக்கித் துணிக்கு நாடு முழுக்கப் பேர்.

மில்லுக்குள் நிலைமை வேறு. நாள் முழுக்க வேலை, சோற்றை விழுங்கக்கூடப் போதாத இடைவேளை, மேஸ்திரியின் அடி உதை. 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் முன்நின்றார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள். மாநகராட்சி மண்டலம் ஒன்றுக்குத் திரு.வி.க. பெயர் வைத்தது சும்மா இல்லை. 1921-இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அது கசப்பான கதையும்கூட. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியதும் சங்கம் சாதிக்கோட்டில் பிளந்தது. புளியந்தோப்பில் கலவரம், தீ, துப்பாக்கிச் சூடு. சங்கத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக் கூடாது என்பது என் கருத்து. மில்கள் 1990-களில் மூடப்பட்டன.

அரசியலுக்கும் இந்த மண்ணில் ஒரு கணக்கு உண்டு. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-இல் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து நினைவிடங்கள் மூலக்கொத்தளத்தில் இருக்கின்றன. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது ராயபுரம் ராபின்சன் பூங்காவில்.

வேலை முடிந்து வந்த ஜனங்களுக்குக் குத்துச்சண்டையும் கால்பந்தும் கேரமும் கானாவும் இருந்தன, இருக்கின்றன. ரோஷமான குத்துச்சண்டைக்குச் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைகளே உண்டு. கேரம் உலகச் சாம்பியன் இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-இல் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண். தெருவிளக்கின் கீழே ஸ்டூல் போட்டு, பவுடர் தூவிய பலகையில் காய் தட்டும் சத்தம் கேட்டால் நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

புகைபோக்கிகள்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட முடியாது. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் லாரித் தொழிற்சாலை, புல்லட் வண்டித் தொழிற்சாலை, தீப்பெட்டி கம்பெனி எல்லாம் வந்தன. மெட்ரோவின் விம்கோ நகர் என்ற பெயர் அந்தத் தீப்பெட்டி கம்பெனியுடையது. 1960-களின் இறுதியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அப்புறம் உர ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையம், 2001-இல் இன்னொரு துறைமுகம். வேலை கிடைத்தது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பலும் சேர்ந்தது. கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கும் மேல் குப்பை மலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். நகரம் எரிக்கும் விளக்குக்கும் ஓட்டும் வண்டிக்கும் புகை இங்கே, வெளிச்சம் எல்லா இடத்திலும்.

எல்லாவற்றுக்கும் மூத்த ஊர்

கோட்டையெல்லாம் நேற்று வந்தது. திருவொற்றியூர் அதற்கு ஆயிரம் ஆண்டுகள் மூத்தது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். தியாகராஜர் கோயில் என்போம், வடிவுடையம்மன் கோயில் என்றும் சொல்வோம். மூலவர் ஆதிபுரீசுவரர், ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமில்லாமல் தரிசனம். கருவறையின் பின்பக்கம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். அந்தக் கருங்கல் திருப்பணி ராஜேந்திர சோழன் காலத்தது. சுவரெல்லாம் கல்வெட்டு.

சுந்தரர் சங்கிலியாரை மணந்தது இந்த ஊரில். உன்னைவிட்டுப் பிரிய மாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். வசந்த காலம் வந்ததும் திருவாரூர் நினைப்பு தாங்காமல் கிளம்பிவிட்டார். ஊரெல்லையைத் தாண்டியதும் கண் போனது. வடசென்னையை விட்டுத் தெற்கே குடிபோகும் சொந்தக்காரர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. யாரும் கேட்பதில்லை.

போய்ப் பார்க்க ஒரு நாள் போதுமா என்றால் போதாது, ஆனால் தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள், ஜார்ஜ் டவுனில் லாரியும் மீன்பாடி வண்டியும் குறைவு. விடியும் முன் காசிமேடு: ஏலச் சத்தம், வஞ்சிரம், சங்கரா, காலில் பழைய செருப்பு அவசியம். அங்கிருந்து ராயபுரம் ஸ்டேஷன், மாடிப் பூங்கா. பிறகு தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். அரண்மனைக்காரன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம். சாயங்காலம் ஆனால் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. பர்மாவிலிருந்து 1960-களில் வெறுங்கையோடு திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. அவர்களுக்காக 1969-இல் வந்ததுதான் பர்மா பஜார். நூடுல்ஸில் முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூட வாழைத்தண்டு சூப். கையுறை பற்றிக் கேட்காமல் சாப்பிடுங்கள்.

திருவொற்றியூருக்கு 2021 முதல் மெட்ரோ போகிறது. தேரடி நிறுத்தத்தில் இறங்கிக் கோயிலைப் பார்த்துவிட்டுக் கிழக்கே கடலை நோக்கி நடந்தால் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்துப் பெரும் வணிகர், எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து கடைசியில் தங்கிய இடம். வாசலுக்கு எதிரே கண்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலை. அதற்கப்பால் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். கல்லின் மேல் இரண்டு மூன்று பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே கடல் கண்ணில் படும். மணல் வேண்டுமென்றால் மெரினாவுக்குத்தான் போக வேண்டும்.